செயலி வந்துவிட்டது, பேருந்து வந்ததா?

2026 ஜனவரியுடன் ஜேர்மனியின் டொய்ச்லாண்ட் ரிக்கற் மாதம் 63 யூரோ ஆகியிருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய சீட்டு 2025 ஜனவரியில் 58 ஆகி, இப்போது 63இல் வந்து நிற்கிறது. விலையேற்றத்தைப் பற்றி எம்மவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அந்தச் சீட்டு பிறக்கும்போதே காகிதத்தைக் கைவிட்டுப் பிறந்தது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. கைத்தொலைபேசிச் செயலிக்குள் இருக்க வேண்டும், அல்லது சிப் பதித்த அட்டையில் இருக்க வேண்டும். சில்லறையைப் போட்டு இயந்திரத்தில் எடுக்கிற சீட்டு அல்ல அது.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் கடந்த பத்து ஆண்டுகளாக நகரசபைகளும் போக்குவரத்து நிறுவனங்களும் ஒரே பேச்சைத்தான் பேசி வருகின்றன. பேருந்து, ட்ராம், சுரங்கத் தொடருந்து, வாடகைச் சைக்கிள், மின் ஸ்கூட்டர், ரக்ஸி, வாடகைக் கார் எல்லாவற்றையும் ஒரே செயலியில் கொண்டுவந்துவிட்டால் மக்கள் தமது காரை விட்டுவிட்டுப் பொதுப் போக்குவரத்துக்கு வருவார்கள் என்பதே அந்தப் பேச்சு. ஓரிடத்தில் பாதை தேடலாம், அங்கேயே சீட்டு வாங்கலாம், மாத முடிவில் ஒரே கணக்காகப் பணம் கட்டலாம். கேட்பதற்கு நல்லதாகத்தான் இருக்கிறது.

உண்மையில் அப்படி நடந்ததா? இந்தக் கேள்வி எமது குடும்பங்களுக்கு வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல. விடிய நாலு மணிக்குத் துப்புரவு வேலைக்கும் உணவகச் சமையலறைக்கும் வயோதிபர் இல்லத்துக்கும் போகிறவர்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். கார் ஓட்டத் தெரியாத அம்மாமார் கோயிலுக்கும் வைத்தியரிடமும் பேருந்தில்தான் போகிறார்கள். பொதுப் போக்குவரத்தில் எது மாறினாலும் அது முதலில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

ஹெல்சிங்கி சொன்ன கதை

இந்த எண்ணம் பெரிதாகப் பேசப்பட்ட நகரம் பின்லாந்தின் ஹெல்சிங்கி. 2016இல் மாஸ் குளோபல் என்ற நிறுவனம் அங்கே விம் என்ற செயலியைக் கொண்டுவந்தது. மாதச் சந்தா கட்டினால் பொதுப் போக்குவரத்தோடு ரக்ஸி, வாடகைக் கார், நகரச் சைக்கிள் எல்லாம் ஒரே பொதிக்குள் வந்துவிடும். ஆக உயர்ந்த பொதியின் விலை மாதம் 499 யூரோ. சொந்தக் கார் வைத்திருக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். டொயோட்டா, பிபி போன்ற பெரிய நிறுவனங்களின் முதலீடும் வந்தது. பின்லாந்து அரசும் சட்டம் இயற்றி, போக்குவரத்து நிறுவனங்கள் தமது சீட்டு விற்பனையைப் பிற செயலிகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்றது. உலகம் முழுவதிலுமிருந்து நகர நிர்வாகிகள் ஹெல்சிங்கியைப் பார்க்கப் போனார்கள்.

2024 மார்ச்சில் அந்த நிறுவனம் வங்குரோத்தானது.

ஏன் அப்படி ஆனது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. பொதுப் போக்குவரத்துச் சீட்டு என்பது வரிப்பணத்தால் தாங்கப்படும் பண்டம். பேருந்தை ஓட்டுகிற செலவின் ஒரு பகுதியைத்தான் பயணி கொடுக்கிறார், மிச்சத்தை அரசோ நகரசபையோ கொடுக்கிறது. ஏற்கெனவே அடக்க விலைக்குக் கீழே விற்கப்படும் ஒரு சீட்டை இடையில் நின்று விற்கிறவருக்கு அதில் என்ன இலாபம் கிடைக்கும்? இலாபம் இருப்பது ரக்ஸியிலும் வாடகைக் காரிலும்தான். ஆகவே செயலி நடத்துகிறவர் பிழைக்க வேண்டுமென்றால் பயணி ரக்ஸியில் ஏற வேண்டும். நகரம் நன்றாக இருக்க வேண்டுமென்றால் பயணி பேருந்தில் ஏற வேண்டும். இந்த இரண்டு நோக்கங்களும் ஒரே திரையில் சேர்ந்து இருந்தாலும் ஒரே திசையில் இழுப்பவை அல்ல.

முட்டையா கோழியா

விம் செயலியின் தரவுகளை வைத்து 2019இல் ரம்போல் என்ற ஆலோசனை நிறுவனம் ஒரு ஆய்வை வெளியிட்டது. அந்தச் செயலியைப் பாவிக்கிறவர்கள் தலைநகர்ப் பகுதியின் சராசரி மனிதரை விடக் கூடுதலாகப் பொதுப் போக்குவரத்தில் போகிறார்கள் என்று அது சொன்னது. செயலிகளுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இதை நல்ல சான்றாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இப்படியான செயலியை யார் தரவிறக்குவார்கள்? நகர நடுவில், தொடருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், காரில்லாமல் வாழ்கிற இளம் வயதினர். ஏற்கெனவே பேருந்தில் போகிறவர்களுக்குத்தான் பேருந்துச் செயலி தேவைப்படுகிறது. செயலி இருப்பதால் பேருந்தில் போகிறார்களா, பேருந்தில் போவதால் செயலி வைத்திருக்கிறார்களா என்பதை வெறும் ஒப்பீட்டால் சொல்லிவிட முடியாது. கோயில் வாசலில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, செருப்பு வைக்கும் தட்டுத்தான் மக்களைக் கோயிலுக்குக் கூட்டி வருகிறது என்று சொல்வது போல ஆகிவிடும்.

இதைவிடக் கவனமாக நடந்த சோதனை ஒன்று சுவீடனின் கோத்தன்பேர்க் நகரில் நடந்தது. 2013 நவம்பர் முதல் 2014 ஏப்ரல் வரை ஊபிகோ என்ற பெயரில் சுமார் 70 வீட்டுக்காரர் இதில் சேர்ந்தார்கள். பொதுப் போக்குவரத்து, பகிர்வுக் கார், வாடகைக் கார், ரக்ஸி, சைக்கிள் எல்லாம் ஒரே மாதக் கணக்கில் வந்தன. சோதனைக் காலத்தில் அவர்களுடைய சொந்தக் கார்ப் பாவனை குறைந்தது. முடிந்தபோது பெரும்பாலானோர் தொடர விரும்பினார்கள். ஆனால் இரண்டு விடயங்களை மறக்கக்கூடாது. தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். சில வீட்டாருக்குத் தமது காரை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதற்காக ஈட்டுத்தொகையும் கொடுக்கப்பட்டது. மாற விரும்புகிறவருக்கு, பக்கத்தில் நல்ல பேருந்தும் இருந்து, கையில் கொஞ்சம் ஊக்கமும் வைத்தால் செயலி உதவும். அவ்வளவைத்தான் அந்தச் சோதனை சொல்கிறது.

மக்களை ஏற்றியது எது?

அப்படியானால் எது மக்களைப் பேருந்திலும் தொடருந்திலும் ஏற்றியது? இதற்கு எமது கண்முன்னே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

2022 கோடையில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதங்கள் ஜேர்மனி மாதம் 9 யூரோ சீட்டைக் கொடுத்தது. ஏறத்தாழ 5 கோடி 20 இலட்சம் சீட்டுகள் விற்பனையாகின. ஏற்கெனவே சந்தாவில் இருந்தவர்கள் அதற்கு மேல் சுமார் ஒரு கோடிப் பேர். தொடருந்துப் பெட்டிகளில் நிற்க இடமிருக்கவில்லை. அதற்காகப் புதிதாக ஒரு செயலி கண்டுபிடிக்கப்படவில்லை. விலை குறைந்தது. அதைவிட முக்கியமாக, எல்லைகள் அழிந்தன. ஜேர்மனியில் உள்ளூர்க் கட்டணச் சங்கங்கள் 60க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் வேறு வலயம், வேறு விலை, வேறு விதி. பிறேமனிலிருந்து ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் பிராந்தியத் தொடருந்துகளில் வருகிற குடும்பம் எந்தச் சீட்டு எதுவரை செல்லும் என்று கணக்குப் பார்த்து வர வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு இல்லாமல் போனதே பெரிய விடுதலை. டொய்ச்லாண்ட் ரிக்கற் அதை நிரந்தரமாக்கியது.

ஆனால் அந்த மூன்று மாதத்திலும்கூட, காரிலிருந்து மாறிய பயணங்கள் சுமார் பத்து வீதம்தான் என்று போக்குவரத்து நிறுவனங்களின் சங்கமே அறிவித்தது. மிச்சம் பெரும்பாலும் ஏற்கெனவே தொடருந்தில் போகிறவர்களின் பயணம், அல்லது அந்தச் சீட்டு இல்லாவிட்டால் போயிருக்கமாட்டாத பயணம். விலை ஒரு கதவைத் திறக்கும். ஆனால் ஊருக்குள் மணித்தியாலத்துக்கு ஒரு பேருந்துதான் வருகிறதென்றால் அந்தக் கதவு வழியாக யாரும் காரை விட்டு வெளியே வரமாட்டார்கள்.

ரொறன்ரோவைப் பாருங்கள். ஸ்காபரோவில் வீடும் மார்க்கத்தில் வேலையும் உள்ளவர்களுக்கு ஸ்ரீல்ஸ் வீதி நீண்ட காலம் ஒரு சுங்கச்சாவடி போல இருந்தது. அந்த வீதிக்கு இப்பால் ஒரு நிறுவனத்தின் பேருந்து, அப்பால் இன்னொரு நிறுவனத்தின் பேருந்து. பிரெஸ்டோ அட்டை இரண்டிலும் வேலை செய்தது. ஆனால் இரண்டு தடவை காசு வெட்டியது. அட்டை ஒன்றாக இருந்தும் கட்டணம் இரண்டாகவே இருந்தது. 2024 பெப்ரவரி 26 முதல்தான் ஒரே கட்டணத் திட்டம் வந்து, ஒரு தடவை கட்டினால் ரொறன்ரோ, யோர்க், மிசிசாகா, பிரம்ரன், டூரம் பேருந்துகளுக்கிடையே மாறலாம் என்றானது. ஒழுங்காகப் பயணிக்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு சராசரியாக 1,600 டொலர் மிச்சமாகும் என்று மாகாண அரசு கணக்குச் சொன்னது. ஒருங்கிணைப்பு என்பதன் சரியான பொருள் இதுதான்.

அதே ஸ்காபரோவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1985இல் தொடங்கிய ஸ்காபரோ இலகு தொடருந்துப் பாதை 2023 ஜூலை 24 அன்று தடம் புரண்டதோடு மூடப்பட்டது. மாற்றாகப் பேருந்துகள் விடப்பட்டன. அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று எந்தச் செயலியும் சரியாகவே சொல்லும். ஆனால் இல்லாத தொடருந்தை எந்தச் செயலியாலும் கொண்டுவர முடியாது. பனியில் காத்திருக்கிறவருக்குத் தகவல் ஆறுதல்தான், வாகனம் அல்ல.

இலண்டனில் நடந்தது வேறு விதம். 2003இல் ஒய்ஸ்டர் அட்டை வந்தது. 2014இல் சுரங்கத் தொடருந்தில் வங்கி அட்டையைத் தட்டியே போகலாம் என்றானது. ஒரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் ஒரு உச்ச வரம்புக்கு மேல் காசு வெட்டப்படாது. எந்தச் சீட்டு இலாபம் என்று பயணி யோசிக்கத் தேவையில்லை. செயலியே இல்லாமல் அந்த நகரம் தன் கட்டணத்தை ஒருங்கிணைத்துக்கொண்டது. சுவிற்சர்லாந்திலும் அப்படித்தான். ஒரு சீட்டில் தொடருந்து, பேருந்து, ஏரிக் கப்பல் எல்லாம் ஏறலாம் என்ற ஒழுங்கு கைத்தொலைபேசிகளுக்கு முந்தியது. அதன் மேல்தான் 2016இல் பெயார்டிக் போன்ற செயலிகள் வந்து, ஏறும்போது ஒரு இழுப்பு, இறங்கும்போது ஒரு இழுப்பு என்று வசதி செய்தன. அத்திவாரம் முன்பே இருந்ததால்தான் செயலி அங்கே வேலை செய்கிறது.

வியன்னாவும் அதே கதையைத்தான் சொல்கிறது. 2012இல் ஆண்டுச் சீட்டை 365 யூரோவாக, நாளுக்கு ஒரு யூரோவாக, ஆக்கினார்கள். 2019இல் அந்தச் சீட்டு வைத்திருந்தோர் 8 இலட்சத்துக்கும் மேல். நகரில் பதிவான கார்களை விட அது அதிகம். ஆனால் விலை மட்டும் அதைச் செய்யவில்லை. சுரங்கப் பாதைகள் நீட்டப்பட்டன. வீதியில் கார் நிறுத்துவதற்கான கட்டணம் படிப்படியாக விரிந்து 2022 மார்ச்சில் கிட்டத்தட்ட முழு நகருக்கும் வந்தது. நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் சொந்தச் செயலியும் 2017இல் வந்தது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் வண்டி, பிறகு விலை, பிறகு காருக்குக் கட்டுப்பாடு, அதோடு செயலி. 2026இல் அங்கும் அந்த ஆண்டுச் சீட்டின் விலை 460 யூரோவைத் தாண்டியிருக்கிறது. பாதைகளை வைத்திருக்கப் பணம் வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

ஒரே திரையில் போட்டி

செயலிகளால் தீங்கும் வரக்கூடும். பேருந்துக்குப் பக்கத்தில் அதே திரையில் வாடகை வண்டியும் நிற்கிறது. பேருந்து 14 நிமிடத்தில், கார் 3 நிமிடத்தில் என்று காட்டினால் மழை நாளில் விரல் எங்கே போகும்? சன் பிரான்சிஸ்கோ நகரில் 2010க்கும் 2016க்கும் இடையில் வார நாட்களில் வீதி நெரிசலால் ஏற்பட்ட தாமதம் 62 வீதம் கூடியது என்றும், செயலி வழி வாடகை வண்டிகள் இல்லாதிருந்தால் அது 22 வீதமாகத்தான் இருந்திருக்கும் என்றும் 2019இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. அந்த நெரிசலில் பேருந்தும் சேர்ந்தே சிக்குகிறது. பேருந்து தாமதமாக, இன்னும் சிலர் செயலியில் கார் அழைக்கிறார்கள்.

ஆகவே செயலியை யார் நடத்துகிறார்கள் என்பது முக்கியமாகிறது. பேர்லினில் 2019இல் தொடங்கிய ஜெல்பி செயலியை நடத்துவது நகரின் பொதுப் போக்குவரத்து நிறுவனமே. தனியார் ஸ்கூட்டரும் பகிர்வுக் காரும் அதில் இருக்கின்றன, ஆனால் வீட்டுக்காரர் நகரம். எந்தப் பாதையை முதலில் காட்டுவது, மக்களின் பயணத் தரவுகள் யார் கையில் இருப்பது என்பதையெல்லாம் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு நிறுவனம் தீர்மானிக்கிறது. இது சிறிய வித்தியாசம் அல்ல.

வெளியே நிற்பவர்கள்

இனி எமது வீட்டுக் கதைக்கு வருவோம். அம்மம்மாவின் கைத்தொலைபேசியில் பேரன் செயலியைப் போட்டுக் கொடுக்கிறான். கடவுச்சொல் பேரனுக்குத்தான் தெரியும். செயலி புதுப்பிக்கப்பட்டதும் வெளியே தள்ளிவிடுகிறது. பரிசோதகர் முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடத்தில் இருக்கும் பேரனுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டியிருக்கிறது. முன்பு பணப்பையில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தனியே சுற்றியவர், இப்போது யாராவது கூட வந்தால்தான் போவேன் என்கிறார். ஒரு மனிதரின் நடமாட்டம் இப்படிச் சத்தமில்லாமல் சுருங்குகிறது. இதை எந்தப் புள்ளிவிபரமும் காட்டாது. அவர் செயலியிலும் இல்லை, பேருந்திலும் இல்லை, வீட்டில் இருக்கிறார்.

புதிதாக வந்து அகதி விண்ணப்பம் போட்டிருப்பவர்களின் நிலை வேறு. டொய்ச்லாண்ட் ரிக்கற் சந்தா முறையிலானது. அதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்கு வேண்டும். சில விற்பனையாளர்கள் கடன் நம்பகத்தன்மையையும் சரிபார்க்கிறார்கள். கையில் காசு இருந்தும் மலிவான சீட்டை வாங்க முடியாமல், இயந்திரத்தில் விலைகூடிய தனிச்சீட்டை வாங்குகிற நிலை வருகிறது. ஏழைக்கே கூடுதல் விலை என்ற பழைய அநியாயம் புதிய உடையில் வருகிறது.

இதற்கு எதிர்ப்பும் எழுந்திருக்கிறது, வெற்றியும் கிடைத்திருக்கிறது. ஜேர்மன் தொடருந்து நிறுவனம் மலிவு விலைச் சீட்டுகளுக்கு மின்னஞ்சலோ கைத்தொலைபேசி இலக்கமோ கட்டாயம் என்றபோது நுகர்வோர் அமைப்பு நீதிமன்றம் போனது. 2025 ஜூலையில் பிராங்பேர்ட் மேல் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருமுன்பே அந்த நிபந்தனை கைவிடப்பட்டுவிட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. 2024 ஜூனில் பான்காட் தள்ளுபடி அட்டை பிளாஸ்ரிக்கிலிருந்து செயலிக்கு மாற்றப்பட்டபோதும், கைத்தொலைபேசி இல்லாதவர்கள் காகிதத்தில் ஒரு மாற்று ஆவணம் பெற வழி விடவேண்டி வந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. கேட்கத் தெரியாதவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

நாம் செய்யக்கூடியவை

முதலில் வீட்டுக்குள். ஜேர்மனியில் உள்ளவர்கள் பெற்றோருக்கு டொய்ச்லாண்ட் ரிக்கற் எடுக்கும்போது சிப் அட்டையாகத் தருகிற உள்ளூர்ப் போக்குவரத்து நிறுவனத்திடம் எடுங்கள். விலை ஒன்றுதான். அடையாள அட்டையும் கூடவே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லி வையுங்கள். கைத்தொலைபேசியின் மின்கலம் இறந்து பரிசோதகரிடம் பிடிபட்டால் 60 யூரோ தண்டம் என்று பயந்து அப்படியே கட்டிவிடாதீர்கள். சொந்தப் பெயரிலான செல்லுபடியாகும் சந்தாச் சீட்டை ஒரு வாரத்துக்குள் காட்டினால் அது 7 யூரோவாகக் குறையும். சந்தாவை நிறுத்த விரும்பினால் மாதம் 10ஆம் திகதிக்குள் அறிவிக்க வேண்டும். இவை சிறிய விடயங்கள்தான், ஆனால் தெரியாததால் எமது குடும்பங்கள் கட்டுகிற காசு சிறியதல்ல.

அடுத்தது சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் கோயில்களும். கைத்தொலைபேசிச் செயலியைப் பெரியவர்களுக்குப் பழக்குகிற ஒரு மணித்தியாலத்தை வாரத்தில் ஒதுக்கலாம். பிள்ளைகள் செய்து கொடுக்காமல், பெரியவர்களே தொட்டுப் பழக வேண்டும். அது அவர்களுக்கு ஒரு சீட்டை மட்டுமல்ல, தனியே வெளியே போகும் துணிவையும் கொடுக்கும்.

மூன்றாவது, வாக்குரிமை உள்ள எமது இளைய தலைமுறை. நகரசபைத் தேர்தலில் வேட்பாளர் புதிய செயலி தருவோம் என்று சொன்னால் கைதட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். விடிய நாலரை மணிக்கு எங்கள் பகுதியிலிருந்து தொழிற்பேட்டைக்குப் பேருந்து உண்டா? ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு ஒன்று? நகர எல்லை தாண்டினால் இரண்டாவது சீட்டா? செயலி இல்லாதவர் அதே விலைக்கு அதே சீட்டை எங்கே வாங்கலாம்?

செயலியை எதிர்ப்பது அல்ல இந்தக் கட்டுரையின் நோக்கம். நல்ல பேருந்து ஓடும் நகரில் நல்ல செயலி பெரிய உதவி. வழி தெரியாத நாட்டில் மொழி தெரியாமல் வந்திறங்கிய எமக்கு, அன்றைக்கு இப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் எத்தனை பேர் குளிரில் தவறான நிறுத்தத்தில் நின்றிருக்கமாட்டோம். ஆனால் அன்றைக்கும் எம்மை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பேருந்துதான். அது வருகிறதா என்பதே இன்றைக்கும் முதற் கேள்வி.